வேகமாகக் கரைந்த மருந்து, மெதுவாகப் போன வலி: மெலாக்சிகாம் நானோ ஊசி – ஒரு நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பரில் அன்ஜெசோ என்ற ஊசி மருந்தின் விற்பனையை அமெரிக்காவின் பாடாக்ஸ் பயோ நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி கிடைத்து மூன்று வருடம்கூட முடியவில்லை. உள்ளே இருந்தது புது மூலக்கூறு ஒன்றுமில்லை; மூட்டுவலிக்காரர்கள் பல வருடங்களாக மாத்திரையாக விழுங்கிவரும் மெலாக்சிகாம்தான். அதை நானோ அளவுக்கு அரைத்து, பாலிமர் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறைப் போர்த்தி, நரம்பு வழியே போடும்படி ஆக்கியிருந்தார்கள். தண்ணீரில் கரையவே கரையாத ஒன்றை ரத்தத்தில் நேரடியாகச் செலுத்த வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. மருந்தை மாத்திரையாகவோ ஊசியாகவோ வடிவமைக்கும் ஃபார்முலேஷன் துறையில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் மாணவர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் வேலை அது. அப்படியிருந்தும் ஏன் போணியாகவில்லை?

நானோ துகள், கரைதிறன் என்று பேச ஆரம்பித்தால் ‘இத்தனை மடங்கு கூடியது’ என்ற ஒரே வரியில் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். கூடியது சரி, எது கூடியது, யாருக்காகக் கூடியது என்று கேட்க இந்த மருந்தைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மருந்தும் அதன் பிடிவாதமும்

மெலாக்சிகாம் ஜெர்மனியின் போரிங்கர் இங்கெல்ஹைம் நிறுவனம் கொண்டுவந்த அழற்சி எதிர்ப்பு மருந்து. மோபிக் என்ற பெயரில் 2000 ஏப்ரலில் அமெரிக்க அனுமதி பெற்றது. 7.5 மி.கி., 15 மி.கி. என இரண்டு அளவு. நாளுக்கு ஒரு மாத்திரை போதும், ஏனென்றால் உடம்பில் அது பாதியாகக் குறையவே 15 முதல் 20 மணி நேரம் ஆகும். நம் ஊர் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் அளவுக்கு இதற்குப் பெயர் இல்லை. ஆனால் பாறுக் கழுகுகளைக் காப்பாற்ற அலைபவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்று கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, அதற்குப் பதிலாக மாடுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது மெலாக்சிகாம்தான். கழுகுகளுக்கு அது ஆபத்தில்லை என்று ஆய்வில் தெரியவந்ததும், கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை இந்தியா தடை செய்ததும் ஒரே வருடம், 2006. நீலகிரிக்குக் கீழே மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இந்த மஞ்சள் பொடியிடம் கொஞ்சம் கடன் உண்டு.

வெளிர் மஞ்சள் பொடி. தண்ணீரில் போட்டால் மிதக்கும், ஒட்டிக்கொள்ளும், கரையாது. சாதாரண நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம்தான் கரையும். அந்தக் கணக்கில் ஒரு 15 மி.கி. மாத்திரையைக் கரைக்க ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். மருந்தோடு நாம் குடிப்பதாக ஒழுங்குமுறைக் கணக்கில் எடுத்துக்கொள்வதோ 250 மில்லி, ஒரு பெரிய டம்ளர். கார்டன் அமிடானும் சக ஆய்வாளர்களும் 1995-இல் வகுத்த பட்டியலில் இப்படிப்பட்டவை இரண்டாம் வகுப்பு: கரையாது, ஆனால் கரைந்துவிட்டால் குடல் சுவரைத் தடையில்லாமல் தாண்டும். ஐபுபுரோஃபென், கீட்டோபுரோஃபென், இண்டோமெத்தசின், செலிகாக்சிப் எல்லாமே ஏறக்குறைய இந்தக் கூட்டம்தான்.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குவார்கள். கரையாது என்றால் உடம்பில் சேராது என்று நினைத்துவிடுவோம். மோபிக்கின் மருந்துக் குறிப்பை எடுத்துப் பாருங்கள்: வாய்வழி கொடுத்ததில் 89 சதவீதம் ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறது. மெலாக்சிகாம் ஒரு வலுக்குறைந்த அமிலம். இரைப்பையின் அமிலத்தில் முரண்டு பிடிக்கும். குடலுக்கு இறங்கி, அமிலத்தன்மை குறைந்து பி.எச். ஏற ஏற இளகும். கரைந்த அளவைக் குடல் உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால் அடுத்த துளி கரைய இடம் கிடைக்கும். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். என்ன, உச்ச அளவைத் தொட 4 முதல் 5 மணி நேரம் ஆகும்.

ஆக, இங்கே பிரச்சினை எவ்வளவு சேருகிறது என்பதில் இல்லை. எப்போது சேருகிறது என்பதில் இருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு அந்த 5 மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து, வாந்தி வருகிற நிலையில், வயிற்றில் தையலோடு படுத்திருப்பவருக்கு அது மிக நீண்ட நேரம். ஊசியாக வந்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது.

சும்மா கரைத்தே ஊசியாக்க முடியாதா என்றால், முடியும். ஐரோப்பாவில் 15 மி.கி. மெலாக்சிகாமை ஒன்றரை மில்லியில் கரைத்த ஆம்பூல் இருக்கிறது. மெக்ளுமைன் என்ற காரப்பொருள் சேர்த்து பி.எச்.சை ஏற்றி, கிளைகோஃபுரால் என்ற துணைக்கரைப்பான் ஊற்றிக் கரைத்திருப்பார்கள். அது தசையில் போட மட்டும். இந்த ஆம்பூலை மறந்துவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

அரைப்பதும் போர்த்துவதும்

அன்ஜெசோவில் ஒரு மில்லிலிட்டருக்கு 30 மி.கி. மருந்து. தூய நீர் தாங்கும் அளவைப் போல 3,000 மடங்கு. அது கரைசலே இல்லை. நீரில் மிதக்கும் மிக நுண்ணிய படிகங்கள். எலான் நிறுவனம் வளர்த்து, பிறகு அல்கெர்மெஸ் கைக்கு வந்த நானோகிரிஸ்டல் தொழில்நுட்பம் இது. செய்முறை கேட்டால் சிரிப்பு வரும், அவ்வளவு வீட்டுத்தனம்: மருந்துப் பொடி, தண்ணீர், கொஞ்சம் பாலிமர், சிறு மணிகள், எல்லாவற்றையும் ஒரு மில்லில் போட்டு மணிக்கணக்கில் ஓட்டுவது. கிரைண்டரில் உளுந்து அரைக்கிற மாதிரிதான். சூடு ஏறக்கூடாது, தண்ணீர் அளவு பிசகக்கூடாது, கல் தேய்ந்து மாவில் கலக்கக்கூடாது என்று அங்கே பார்க்கும் மூன்றையும் இங்கேயும் பார்க்க வேண்டும்.

அரைத்தால் என்ன நடக்கும்? ஆர்தர் நோய்ஸ், வில்லிஸ் விட்னி என்ற இருவர் 1897-இல் பென்சாயிக் அமிலத்தையும் ஈயக் குளோரைடையும் குச்சிகளாக்கி நீரில் சுழற்றிப் பார்த்துக் கரையும் வேகத்துக்கு ஒரு சமன்பாடு சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் அதில் பரப்பளவையும் சேர்த்தார்கள். பரப்பு கூடினால் வேகம் கூடும், அவ்வளவுதான். 15 மி.கி. மெலாக்சிகாமை 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது 1,000 நானோமீட்டர்) உருண்டைகளாக நினைத்துக் கணக்குப் போட்டால் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 30 சதுர செ.மீ., ஒரு தீப்பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும். அதையே 200 நானோமீட்டருக்கு இறக்கினால் 3,000 சதுர செ.மீ., நாளிதழில் ஒன்றரைப் பக்கம். ஒவ்வொரு பழைய துகளும் பத்து லட்சம் துகளாக உடைந்திருக்கும்.

கவனிக்க வேண்டியது: வேகம் நூறு மடங்கு ஏறியதே தவிர, கரைதிறன் ஏறவில்லை. மிகச் சிறிய துகள்களுக்குக் கரைதிறனும் சற்றே கூடும் என்பது உண்மை; ஆனால் 200 நானோமீட்டர் அளவில் அது சொற்பம். பொடித்த சர்க்கரையையும் கற்கண்டையும் வைத்துச் சொல்வதென்றால், பொடி சீக்கிரம் கரையும், ஆனால் ஒரு டம்ளருக்கு எவ்வளவு கரையுமோ அவ்வளவுதான் கரையும்.

அரைத்ததோடு வேலை முடிந்தால் நன்றாக இருக்கும். இத்தனை பரப்பைத் திறந்துவைத்தால் துகள்கள் சும்மா இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டும். சிறியது கரைந்து பெரியதன் மேல் படியும். சின்னது காணாமல் போய்ப் பெரியது பெருத்துக்கொண்டே போகும். பாலிமர் வருவது இந்தக் கட்டத்தில்தான். அன்ஜெசோவில் இருப்பது போவிடோன், காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினில் வரும் அதே போவிடோன். நீண்ட சங்கிலி படிகத்தின் மேல் படர்ந்து, பக்கத்துத் துகள் நெருங்காமல் பார்த்துக்கொள்ளும். கூடவே சோடியம் டீஆக்சிகோலேட் என்ற பித்த உப்பு, எதிர்மின்னேற்றம் தந்து துகள்களைத் தள்ளிவைக்க. அப்புறம் சர்க்கரை.

போர்வையாக வரும் பாலிமர் வேறு, வீடாக வரும் பாலிமர் வேறு. இரண்டையும் ‘பாலிமர் நானோ துகள்’ என்றே அழைப்பதால் குழப்பம் அதிகம். வீடு வகையில் பாலிமரே துகள். மருந்து அதற்குள் குடியிருக்கும். கரையும் தையல் நூலில் வரும் பி.எல்.ஜி.ஏ. அதற்குப் பேர்போனது. ஹாட்டெம் ஃபெஸ்ஸி குழுவினர் 1989-இல் பிரான்சில் விவரித்த முறை இன்றும் எல்லா ஆய்வகத்திலும் ஓடுகிறது: பாலிமரையும் மருந்தையும் அசிட்டோனில் கரை, கலக்கிக்கொண்டிருக்கும் நீரில் சொட்டு, அசிட்டோன் நீரோடு ஓடிவிட, பாலிமர் நுண்துகளாகப் படியும். அவர்கள் உள்ளே வைத்த மருந்து இண்டோமெத்தசின், நம் கூட்டத்து ஆள்தான்.

வடிகட்டி செய்த வேலை

நானும் அதைத்தான் முதலில் செய்தேன், ஒரு பழைய ஆய்வகத்தில், அதே இண்டோமெத்தசினை வைத்து. இளமஞ்சள் அசிட்டோன் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, நுனியை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்து மெதுவாகத் தள்ளினால், ஊசிமுனையில் புகை மாதிரி கிளம்பும். சில நொடிகளில் பீக்கர் முழுக்க நீலம் பாய்ந்த மங்கல். லேசர் சுட்டியை அடித்தால் உள்ளே ஒரு சிவப்புக் கோடு நூல் பிடித்ததுபோல் நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது மந்திரம் போலத்தான் இருந்தது.

கரைதிறன் பார்க்க வேண்டுமே. வழக்கம்போல 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மருந்தின் அளவைக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் போட்டேன். சாதாரணப் பொடியைவிடப் பல மடங்கு உயர்ந்த சிகரம் வந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் என் செலவில் டீ. அறிக்கையில் ‘கரைதிறன் பன்மடங்கு உயர்வு’ என்று எழுதியும் விட்டேன். மூன்று நாள் கழித்து, அடுத்த மேசையில் இருந்த அக்கா குடுவையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்பா, உன் துகள் எத்தனை நானோமீட்டர்?”

“இருநூறு சொச்சம்க்கா.”

“வடிகட்டி?”

“நானூற்று ஐம்பது.”

அவர் வேறெதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 450 நானோமீட்டர் ஓட்டையில் 200 நானோமீட்டர் துகள் தாராளமாகப் போகும். நான் அளந்தது கரைந்த மருந்தை இல்லை. கரைந்ததையும் கரையாமல் துகளுக்குள் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து. அதிவேக மையவிலக்கில் துகள்களைக் கீழே தள்ளிவிட்டு மேல்நீரை மட்டும் அளந்தபோது, பன்மடங்கு காற்றில் போயிற்று. குடுவையின் அடியிலோ, மினுமினுவென்று ஊசி ஊசியாக இண்டோமெத்தசின் படிகங்கள், வீட்டைக் காலி செய்துவிட்டு வெளியே வந்தவை.

அன்றிலிருந்து எந்தக் கட்டுரையில் ‘கரைதிறன் இத்தனை மடங்கு’ என்று பார்த்தாலும் கண் நேராக வடிகட்டிக்குப் போய்விடும். ஆச்சரியம் என்னவென்றால், பாதிக்கு மேல் அந்த விவரமே எழுதியிருக்க மாட்டார்கள்.

வீடு வகைக்கு இன்னொரு தொல்லை, இடம். துகளின் எடையில் 5 சதவீதம் மருந்து என்று வைத்துக்கொண்டால், 15 மி.கி. மெலாக்சிகாமுக்கு 300 மி.கி. துகள். பரவாயில்லை, ஒரு மாத்திரைக்குள் அடக்கலாம். 400 மி.கி. ஐபுபுரோஃபெனுக்கு? 8 கிராம். இரண்டு ஸ்பூன் பாலிமர் பொடியை வேளாவேளைக்கு யார் விழுங்குவது. வாய்வழி வலி மருந்தில் இந்த வகை ஆய்வகத்தைத் தாண்டித் தலைகாட்டத் திணறுவதற்கு இந்தச் சின்னக் கணக்கே முக்கியக் காரணம் என்பேன்.

கண்ணில் கதை வேறு. சிசிலியின் கட்டானியாவில் ரொசாரியோ பிக்னட்டெல்லோ குழுவினர் 2002-ஐ ஒட்டி யூட்ராகிட் ஆர்.எஸ். 100 என்ற பாலிமருக்குள் ஃப்ளர்பிபுரோஃபெனையும் ஐபுபுரோஃபெனையும் வைத்துச் சொட்டு மருந்தாக்கி முயல்களில் சோதித்தார்கள். துகள் 100 நானோமீட்டர் அளவில், நேர்மின்னேற்றத்தோடு. கண்ணின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் சொட்டு வழிந்தோடாமல் ஒட்டி நின்றது. கண்ணின் முன்னறை நீரில் கூடுதல் மருந்து சேர்ந்தது. ஒரு சொட்டுக்குத் தேவைப்படுவது துளியூண்டு மருந்து என்பதால் இடநெருக்கடியும் இல்லை.

இனி ஊசிக்குத் திரும்புவோம்.

முதல் ஒரு மணி நேரம்

ரெக்ரோ ஃபார்மா என்ற நிறுவனம் 2015-இல் அல்கெர்மெஸிடமிருந்து இந்த ஊசியின் உரிமையை வாங்கி மூன்றாம் கட்டச் சோதனைக்குக் கொண்டுபோனது; பின்னாளில் இதிலிருந்து பிரிந்ததுதான் பாடாக்ஸ் பயோ. இரண்டு அறுவை சிகிச்சைகள்: கால் பெருவிரல் எலும்புப் புடைப்பை வெட்டுவது ஒன்று, வயிற்றுச் சதை குறைப்பு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சுமார் 200 பேர். 30 மி.கி., நாளுக்கு ஒரு தடவை, 15 விநாடியில் நரம்பில் தள்ளிவிடலாம். சொட்டு ஏற்றும் பையும் ஸ்டாண்டும் வேண்டாம். நர்சுகளுக்குப் பிடித்திருக்கும்.

ரத்த அளவு? மாத்திரையில் 4, 5 மணி நேரம் ஆனது இங்கே சில நிமிடங்களில் உச்சம். நானோ படிகங்கள் ரத்தத்தில் கலந்த கையோடு கரைந்துவிட்டன. கரைதல் என்ற தடையை முழுதாகத் தூக்கியாயிற்று. பெருவிரல் சோதனையில் 48 மணி நேரத்துக்கும் வயிற்றுச் சோதனையில் 24 மணி நேரத்துக்கும் மொத்த வலிக்குறைவைக் கூட்டிப் பார்த்தால், மருந்தில்லாத வெற்று ஊசியை இது தெளிவாக வென்றது. நிர்ணயித்த இலக்கு எட்டப்பட்டது.

ஆனாலும் 2018 மே மாதம் எஃப்.டி.ஏ. அனுமதி மறுத்துக் கடிதம் அனுப்பியது. 2019 மார்ச்சில் மறுபடியும். இரண்டாம் கடிதத்தின் சாரம், வலி குறையத் தொடங்கும் நேரமும் அது நீடிக்கும் நேரமும் கடும் வலிக்கு மருத்துவர்கள் எதிர்பார்ப்பதற்கு ஒத்துவரவில்லை என்பது. நிறுவனம் மேல்முறையீடு செய்து வென்றது. 2020 பிப்ரவரி 20 அன்று அனுமதி வந்தது. வந்த அனுமதியோடு ஒட்டிக்கொண்டு வந்த நிபந்தனைதான் விஷயம். வலி நிவாரணம் தொடங்கத் தாமதமாவதால், உடனடி நிவாரணம் வேண்டிய இடத்தில் இதைத் தனியாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்கவில்லை என்று குறிப்பிலேயே எழுதிவிட்டார்கள். சோதனைகளில் நோயாளிகள் ‘இப்போது பரவாயில்லை’ என்று சொல்ல ஆன இடைநிலை நேரம் 2 முதல் 3 மணி. சிலருக்கு 24 மணி நேரம் முடிவதற்குள்ளேயே வேறு வலி மருந்து தேவைப்படலாம் என்ற வரியும் உண்டு.

ரத்தத்தில் நிமிடங்களில் உச்சம், வலியில் மணிக்கணக்கில் தாமதம். நடுவில் என்ன? மெலாக்சிகாமில் 99 சதவீதத்துக்கும் மேல் ரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மருந்து உடம்பில் எவ்வளவு பரவுகிறது என்று காட்டும் பரவல் கொள்ளளவும் 10 லிட்டர் அளவில்தான்; ரத்தத்தை விட்டுத் திசுவுக்குள் அதிகம் போகாத சுபாவம். ரத்தத்திலிருந்து காயம்பட்ட இடத்துக்குப் போய், அங்கே வலியைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டினை உண்டாக்கும் காக்ஸ் நொதியைப் பிடித்து, ஏற்கெனவே சுரந்து நிற்கும் புரோஸ்டகிளாண்டின் வடிந்து, அப்புறம்தான் வலி இறங்கும். என் பார்வையில் தாமதத்தின் பெரும்பங்கு இந்தப் பாதையில் இருக்கிறது. துகளை இன்னும் பாதியாக அரைத்தாலும் அதில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

போட்டிக்கு நின்றது யார் என்று பார்த்தால் இன்னும் விளங்கும். ஊசியாகப் போடும் கெட்டோரோலாக் அமெரிக்காவில் 1989-லிருந்து இருக்கிறது. டிரோமெத்தமைன் உப்பாகச் செய்துவிட்டதால் தண்ணீரில் நன்றாகவே கரையும்; நானோவும் வேண்டாம், மில்லும் வேண்டாம். அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும், விலையும் மலிவு. 6 மணிக்கொரு தடவை போட வேண்டும், 5 நாளைக்கு மேல் கூடாது என்பவை அதன் குறைகள். நாளுக்கு ஒரே ஊசி என்ற அன்ஜெசோவின் வசதி இந்தக் குறைகளுக்கு எதிராகத்தான் விலை பேச வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, அனுமதி வந்த அடுத்த மாதமே கொரோனா. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் எல்லாம் தள்ளிப்போயின. பெருவிரல் புடைப்பும் வயிற்றுச் சதையும் தள்ளிப்போடக்கூடியவற்றில் முதல் வரிசை.

இதே மருந்தை இதே நுண்மைப்படுத்தும் யோசனையோடு இன்னொரு நிறுவனம் வேறு கேள்விக்குப் பயன்படுத்தியது. ஐரோக்கோ ஃபார்மசூட்டிகல்ஸின் விவ்லோடெக்ஸ் காப்ஸ்யூலுக்கு 2015 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. நீர் இல்லாமல் உலர அரைத்த மிக நுண்ணிய பொடி. அளவு 5 மி.கி., 10 மி.கி. மாத்திரையின் 7.5, 15 மி.கி.யைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மூட்டுத் தேய்மான வலிக்குத்தான், அவசரமில்லாத நோயாளிக்குத்தான். அழற்சி எதிர்ப்பு மருந்துகளின் வயிற்றுப்புண்ணும் இதயப் பாதிப்பும் அளவோடு ஏறுபவை என்பதால், குறைந்த அளவில் அதே வேலை என்பது அர்த்தமுள்ள கேள்வி. கரையும் வேகத்தை அளவைக் குறைக்கச் செலவழித்தார்கள். அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. 1995-லேயே நாப்ராக்சனை 20–30 மைக்ரானிலிருந்து 270 நானோமீட்டருக்கு இறக்கி எலிகளுக்குக் கொடுத்தபோது உறிஞ்சுதல் வேகமானதோடு இரைப்பை எரிச்சலும் குறைந்ததைப் பார்த்திருந்தார்கள். கரையாத பெரிய படிகம் இரைப்பைச் சுவரில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்குவது இதில் தவிர்க்கப்படுகிறது என்பது ஒரு விளக்கம்.

சரி, அந்த ஐரோப்பிய ஆம்பூல். முழுதாகக் கரைந்த மெலாக்சிகாம் எவ்வளவு சீக்கிரம் வலியைக் குறைக்குமோ, அதைத் தாண்டி எந்த நானோ துகளாலும் போக முடியாது. துகள் எவ்வளவு சிறியதானாலும் அது போய்ச் சேர விரும்பும் இடம் கரைசல்தான். எனவே நானோவுக்குச் செலவழிக்கும் முன் கரைசலைக் கொடுத்துப் பார்த்தால் கூரை எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் கரையாத மூலக்கூறு எது வந்தாலும் முதல் வாரம் அதுதான் வேலை. போன மாதம் ஒன்று வந்தது, அழற்சிக்கான புது மருந்து, தண்ணீரைக் கண்டாலே உருண்டுகொள்ளும் வெள்ளைப் பொடி. கொண்டுவந்தவர்கள் நேராக நானோவுக்குப் போகலாம் என்றார்கள். பி.இ.ஜி. 400 என்ற கரைப்பானில் கரைத்து ஒரு கூட்டம் எலிகளுக்கு, வெறும் பொடியை நீரில் கலக்கி இன்னொரு கூட்டத்துக்குக் கொடுத்தோம். ரத்த அளவைக் காட்டும் இரண்டு வரைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து வந்தன. மணிகள் போட்டு அரைக்கும் பீட் மில்லின் உறையைக்கூட யாரும் கழற்றவில்லை.